வெளிர்நீலம் வரை

அண்ணி அனுப்பிய படத்தைப் பார்த்ததும் பூங்கோதைக்கு முதலில் வந்தது சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவள் பின்னால் பல நாள் கூசியிருக்கிறாள்.

படத்தில் ஒரு சட்டித் தயிர். கெட்டியாக உறைந்து, மேலே ஆடை கட்டியிருந்தது. நிறம் மட்டும் நீலம். சங்குப்பூவைக் கசக்கிப் பிழிந்த மாதிரி அப்பட்டமான நீலம். பார்த்து முடிப்பதற்குள் போனும் அடித்தது.

“ஏனம்மிணி, நீ குடுத்த ஒறை கெட்டுப்போச்சாட்ட இருக்குது. பாத்திரத்துக் களிம்பா இருக்குமோன்னு பாத்தா, இது மண்சட்டி. எப்பிடிக் களிம்பு ஏறும்?”

“அண்ணி, யாரும் சாப்பிட்டுறாதீங்க. நான் இப்பவே வர்றேன்.”

உறை கெடவில்லை என்பது பூங்கோதைக்குத் தெரியும். தயிரை உறையவைக்கும் பாக்டீரியாவை எடுத்து, அதன் மரபணுவில் ஒரு வேலையைச் சேர்த்து எழுதியவளே அவள்தான். பாலில் பூஞ்சை நஞ்சு இருந்தால் அந்தப் பாக்டீரியா நீலச் சாயம் கக்கும். நஞ்சு இல்லையென்றால் எப்போதும்போல் வெள்ளைத் தயிர். வேறு கருவி வேண்டாம், படித்த ஆள் வேண்டாம். அதுவரை இந்த நஞ்சைக் கண்டுபிடிக்கப் பாலைப் பாட்டிலில் அடைத்து நகரத்துக்கு அனுப்ப வேண்டும். பெரிய பண்ணைகளுக்கும் ஏற்றுமதிக்காரர்களுக்கும்தான் அது கட்டுப்படியாகும். வீட்டில் பால் வாங்கிக் குடிப்பவர்களுக்கு, குடிப்பது ஒன்றுதான் வழி. அந்த அநியாயத்தைப் பொறுக்க முடியாமல்தான் பெருந்துறைப் பக்கத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் வருடக்கணக்காக உட்கார்ந்து அவள் இதைச் செய்தாள். சில வீடுகளில் பரிசோதித்துப் பார்க்க அனுமதி கிடைத்தபோது, அந்த வீடுகளில் ஒன்றாக அண்ணன் வீட்டையும் சேர்த்துக்கொண்டாள்.

தன் கண்டுபிடிப்பு வேலை செய்கிறது என்பது முதல் சந்தோஷம். அது வேலை செய்தது தன் அண்ணன் மாட்டுப் பாலில் என்பது வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அண்ணன் நாச்சிமுத்து கட்டுத்தறியில் நின்றிருந்தான். ஆறு மாடுகள். காலையில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் மீதியைச் சொசைட்டிக்கும் ஊற்றுவான். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தான் என்று இதுநாள்வரை யாரும் சொன்னதில்லை.

“என்ற பாலுல விஷம்ங்கறயா நீ?”

“பாலுல தப்பில்லண்ணா. மாடு திங்கறதுல இருக்குது.”

மூலையில் அடுக்கியிருந்த தீவன மூட்டைகளில் ஒன்றைப் பிரித்துக் கையை விட்டாள். பொன்னிறத்தில் உலர்ந்து, வெல்லப்பாகின் வாசத்தோடு நன்றாகவே இருந்தது. நாச்சிமுத்துவும் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தான்.

“இதுல எங்க பூஞ்சை? பூசணம் பூத்திருந்தா எனக்குத் தெரியாதா?”

“மழையில நனைஞ்ச மக்காச்சோளத்துல பூத்திருக்கும். அப்புறம் அதைச் சூட்டுல காயவெச்சு அரைச்சுட்டாங்க. பூஞ்சை செத்துப்போச்சு, அது கக்கின நஞ்சு மட்டும் அப்படியே இருக்குது. மாட்டோட ஈரல் அதை லேசா மாத்திப் பாலுக்குத் தள்ளி விட்டுரும்.”

“பொங்கப் பொங்கக் காய்ச்சித்தானே குடிக்கறோம்?”

“காய்ச்சினாலும் போகாது. தயிராக்கினாலும், நெய்யெடுத்த மோர்லயும் நிக்கும். ஒரு நாள் குடிச்சா ஒண்ணும் தெரியாதுண்ணா. வயித்துவலி கூட வராது. தினமும் குடிக்கற குழந்தைக்குத்தான் மெதுவா ஈரல் கெடும். வளர்த்தி நிக்கும். அப்ப யாரும் பாலைச் சந்தேகப்பட மாட்டாங்க.”

நாச்சிமுத்து வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவனுடைய இரண்டு பெண்களும் அந்தப் பாலைக் குடித்துத்தான் வளர்ந்தவர்கள். அதற்குமேல் அவன் வாதாடவில்லை. அன்றைக்கே மூட்டைத் தீவனத்தை நிறுத்தினான். சோளத்தட்டு, அகத்தித்தழை, தன் கண்முன்னால் காயவைத்த கம்பு, இவ்வளவுதான் மாடுகளுக்கு. நான்கைந்து நாளில் தயிர் வெளிறி, பிறகு சுத்தமான வெள்ளையாயிற்று. கூடவே கறவையும் பாதியாகக் குறைந்தது.

“பாத்தயா, இவ்வளவுதாண்ணா வைத்தியம். நல்ல தீவனம் போட்டாப் போதும்” என்றாள் பூங்கோதை.

“நல்ல தீவனம் எங்க அம்மிணி விக்குது?” என்று கேட்டான் அவன். நல்ல மக்காச்சோளம் முழுவதும் துறைமுகத்துக்கும் கோழிப்பண்ணைக்கும் போய்விடுகிறது என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

அதற்குள் ஊரில் வேறொன்று நடந்துவிட்டிருந்தது. அண்ணி ஈஸ்வரி, தயிர் நீலமாவதற்கு முந்தின நாளே பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி உறை கொடுத்திருந்தாள். உறைமோர் கேட்டு வந்தவளிடம் இல்லையென்று சொல்லும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி அவள் தங்கைக்குக் கொடுத்தாள். தங்கை திருப்பூருக்குக் கொண்டுபோனாள். பிரசவத்துக்கு வந்த பெண்கள் தூக்குப்போசியில் எடுத்துப் போனார்கள். ஆய்வுக்கூடம் அனுமதி கேட்டுக் கொடுத்த வீடுகள் கொஞ்சம். உறை தானாகப் போய்ச் சேர்ந்த வீடுகளுக்குக் கணக்கில்லை. மழைக்காலம் முடிவதற்குள் மூன்று மாவட்டங்களில் காலையில் சட்டியைத் திறந்தவர்கள் அலறினார்கள்.

மக்களுக்குக் கோபம் வந்தது. வரத்தானே வேண்டும்? ஆனால் அந்தக் கோபம் கைக்கெட்டிய ஆளின் மேல் பாய்ந்தது. தீவனத் தொழிற்சாலை நெடுஞ்சாலைக்கு அப்பால், கம்பிவேலிக்குள் இருந்தது. அதன் ஓட்டுநர் இல்லாத லாரிகள் ஒரு நாள்கூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. பால்காரன் வாசலில் நின்றான். நாச்சிமுத்துவின் பாலை வருடக்கணக்காக வாங்கிய ஒரு பெண் அதை அவன் வீட்டு வாசலிலேயே கொட்டிவிட்டுப் போனாள். சொசைட்டியில் அவன் கேனைத் தொடமாட்டோம் என்றார்கள். பால் இப்போது வெள்ளையாகத்தான் உறைகிறது என்று அவன் சட்டியோடு தெருத்தெருவாகப் போய்க் காட்டினான். “நேத்து நீலமா இருந்துச்சே?” என்று கதவைச் சாத்தினார்கள்.

மாவட்டத் தலைநகரில் கூட்டம் போட்டார்கள். உணவுத்துறைச் செயலாளர் வந்திருந்தார். பூங்கோதையின் ஆய்வுக்கூட இயக்குநர் வந்திருந்தார். தீவன நிறுவனத்தின் சார்பில் கீர்த்திவாசன் என்ற அதிகாரி, நன்றாக இஸ்திரி போட்ட கதர்ச் சட்டையில் வந்திருந்தார். பூங்கோதை நாச்சிமுத்து வீட்டு மூட்டையிலிருந்தும் வேறு பல ஊர்களின் மூட்டைகளிலிருந்தும் எடுத்துச் சோதித்த முடிவுகளை வைத்தாள். அந்த மனிதர் மறுப்பார், சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து இரவெல்லாம் தயாராகியிருந்தாள். அவர் மறுக்கவே இல்லை.

“மறைக்கறதுக்கு என்ன மேடம் இருக்கு?” என்றார் கீர்த்திவாசன். “நனைஞ்ச சோளத்தை வெளிநாட்டுக்காரன் எடுக்க மாட்டான். துறைமுகத்துலயே கருவி வெச்சிருக்கான். கோழிப்பண்ணைக்காரங்களும் இப்பக் கருவி வாங்கிட்டாங்க, திருப்பி அனுப்பிடறாங்க. கோழி செத்தா மறுநாளே நஷ்டம் தெரியும். மாடு சாகாது. அதனால மாட்டுத் தீவனத்துக்கு வருது. விவசாயி விளைவிச்ச சோளத்தைக் கடல்லயா கொட்டச் சொல்றீங்க?”

பூங்கோதை சோதனை முடிவுகளை அவர் பக்கம் தள்ளினாள். “மாடு சாகாதுங்கற தைரியத்துல குழந்தைங்களுக்கு விஷம் குடுக்கறீங்களா?”

“நாங்க மாட்டுக்குத்தான் குடுக்கறோம்” என்றார் அவர்.

அந்த அறையில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவராவது எழுந்து மேசையைத் தட்டியிருக்கலாம். ஒருவர் தேநீரை உறிஞ்சினார். இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

செயலாளர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் பூங்கோதைக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அவர் அவளைப் பார்த்துப் பொறுமையாகப் பேசினார். “தீவனத்தை நாளைக்கே நிறுத்தச் சொல்லலாம்மா. நிறுத்தினா நல்ல தீவனம் இரண்டு மடங்கு விலைக்குப் போகும். ரெண்டு மாடு, நாலு மாடு வெச்சிருக்கறவங்க அத்தனை பேரும் தொழிலை விட்டுடுவாங்க. அதுக்கப்புறம் பாலே இருக்காது. அதனால ஒரு ஏற்பாடு யோசிச்சிருக்கோம்.”

ஏற்பாடு ஒரு வண்ண அட்டை. வெள்ளை, வெளிர்நீலம், நீலம். எல்லாப் பாலையும் பூங்கோதையின் உறையால் கட்டாயம் சோதிக்க வேண்டும். நீலமானால் அழிக்க வேண்டும். வெள்ளை யாருக்கும் விற்கலாம். இடையில் இருக்கும் வெளிர்நீலம், தீவனம் சீராகும்வரை, நிறுவனங்களுக்கு விற்கலாம்.

“நிறுவனங்கள்னா?”

“மொத்தமா வாங்கற இடங்கள்” என்று மட்டும் சொன்னார் செயலாளர். எந்த நீலம்வரை வெளிர்நீலம் என்று வரையறுத்துக் கையெழுத்துப் போட வேண்டியது கண்டுபிடித்தவளான பூங்கோதை. வேறு யார் போட்டாலும் நீதிமன்றத்தில் நிற்காதாம்.

“தீவனத்தைச் சோதிங்க. தொழிற்சாலை வாசல்லயே சோதிங்க. அதுக்கும் இதே பாக்டீரியாவை மாத்தித் தர்றேன், இலவசமாவே தர்றேன். பாலுக்கு வந்தப்புறம் எதுக்கு வண்ணம் பிரிக்கறீங்க? நஞ்சுக்கு ஏங்க இளம் நஞ்சு, முத்தின நஞ்சு?” என்று கேட்டுவிட்டுப் பூங்கோதை எழுந்து வெளியே வந்துவிட்டாள். கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் நாச்சிமுத்து ஆய்வுக்கூடத்துக்கே வந்தான். இதற்குமுன் அவன் அங்கே வந்ததில்லை. வரவேற்பறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, துண்டை மடியில் வைத்திருந்தான். இரண்டு மாடுகளை விற்றுவிட்டதாகச் சொன்னான். வாங்கியவன் கறிக்குத்தான் வாங்கினான் என்றும் சொன்னான்.

“கையெழுத்துக் கேட்டாங்களாமே. நீ போடலையாமே.”

“அண்ணா, அது என்ன கையெழுத்துன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும். கூட்டத்துக்கு வந்திருந்த சொசைட்டி தலைவர் சொன்னாரு. வெளிர்நீலத்துக்கு ஒரு வெலை வெப்பாங்களாம். கொறைஞ்ச வெலைதான். இருந்தாலும் வெலை.” சற்று நிறுத்தினான். “ஊரெல்லாம் உன்னைத் தெய்வம்ங்கறாங்க, அம்மிணி. என்னை நஞ்சு விக்கறவன்ங்கறாங்க. ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே?”

“கம்பெனி மேல வழக்குப் போடலாம்ணா. நான் சாட்சி சொல்றேன்.”

“போடு. வேண்டாங்கல. தீர்ப்பு வர்ற வரைக்கும் மாடு எதைத் திங்கும்? என்ற புள்ளைங்க எதைத் திங்கும்? எங்க ஊர்ல மட்டும் இப்பிடி எத்தனை பேருன்னு வந்து பாரு.”

அவள் போய்ப் பார்த்தாள். காலியான கட்டுத்தறிகளைப் பார்த்தாள். கூட்டத்தில் தேநீர் குடித்தவர்களில் ஒருவர் முகத்திலும் இல்லாத கலக்கத்தைச் சொசைட்டி வாசலில் குத்தவைத்திருந்தவர்கள் முகத்தில் பார்த்தாள். தப்புச் செய்தவனுக்கு ஒரு மூட்டைகூட நட்டமில்லை. தெரியாமல் வாங்கிப் போட்டவன் தெருவில் நிற்கிறான். இதைச் செய்தது தன் நீலம். ‘இந்த ஏற்பாடு தற்காலிகமானது’ என்ற வரியைத் தன் கையாலேயே எழுதிச் சேர்த்துவிட்டு, பூங்கோதை கையெழுத்துப் போட்டாள்.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தன. அவ்வளவு ஒழுங்காக நடந்ததுதான் கொடுமை. வெள்ளைப் பால் விலை ஏறியது. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் வரிசையில் நின்று வாங்கினார்கள். தீவன நிறுவனம் புதிதாக ‘வெண்பால்’ என்றொரு தீவனம் கொண்டுவந்தது. நல்ல சோளம், இரண்டு மடங்கு விலை, பெரிய பண்ணைகளுக்கு மட்டும். பழைய மூட்டை பழைய விலையில் பழையபடியே வந்தது. முன்பாவது அதை விற்பவன் கொஞ்சம் பயந்தான். இப்போது வெளிர்நீலத்துக்கு அரசாங்கமே வாங்குபவனைக் காட்டிவிட்டது, அவன் எதற்குப் பயப்பட வேண்டும்? நஞ்சைக் கண்டுபிடித்தால் நஞ்சு ஒழியும் என்று நம்பித்தான் பூங்கோதை இத்தனை காலம் உழைத்தாள். நஞ்சு ஒழியவில்லை. அதற்கு ஒரு தரமும் ஒரு விலையும் ஒரு விலாசமும் கிடைத்தன.

‘தற்காலிகம்’ ஒருமுறை நீட்டிக்கப்பட்டது. மறுமுறையும் நீட்டிக்கப்பட்டது. அவள் போகாத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நியாயம்தான் மேடம் என்றார்கள். வழக்குப் போட்டாள், அது வாய்தா வாய்தாவாகப் போனது. ஒருநாள் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, “உங்க பேரை விருதுக்குப் பரிந்துரைச்சிருக்கோம். கொஞ்ச நாள் பேசாம இருங்க” என்றார்.

“எதுக்கு சார் விருது? விஷத்துக்கு அளவு குறிச்சுக் குடுத்ததுக்கா?” என்றாள். அவள் பெயரும் பட்டியலிலிருந்து போய்விட்டது.

நாச்சிமுத்து மறுபடி மாடு வாங்கி, பழைய மூட்டைத் தீவனத்தையே போட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது சந்தோஷமாகவே சொன்னான்: “நம்ம பாலு இப்ப எங்க போவுதுன்னு தெரியுமா அம்மிணி? மலையடிவாரத்து ஆஸ்டலுக்கு. மலைக்காட்டுப் புள்ளைங்க தங்கிப் படிக்குதே, அங்க. பாவம், அதுகளுக்கு முன்னெல்லாம் தயிரே கண்ணுல காட்ட மாட்டாங்களாம். இப்பத் தினமும் தயிர்ச்சோறு.”

நிறுவனங்கள் என்றால் என்ன என்று பூங்கோதை அன்றைக்குக் கேட்டிருந்தாள். பதில் இப்போதுதான் வந்தது. எழுந்து கை கழுவினாள்.

“அண்ணி, ஒரு மாட்டுக்கு மட்டும் மூட்டைத் தீவனத்தை நிறுத்துங்க. அந்தப் பாலை எனக்குக் குடுங்க” என்றாள். ஈஸ்வரி எதற்கு என்று கேட்கவில்லை. அவளும் கணவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

எட்டு நாள் கழித்துத் திங்கட்கிழமை, வெள்ளையாக உறைந்த ஒரு பெரிய போசித் தயிரோடு பூங்கோதை அந்த விடுதிக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு நேரம். விடுதிக் காப்பாளர் கற்பகவல்லி அவளை அடையாளம் கண்டு பரபரப்பானாள். “நீங்கதானே மேடம் அந்த உறை கண்டுபிடிச்சவங்க? உங்களாலதான் எங்க பிள்ளைங்களுக்குப் பால் ஒதுக்கீடே வந்துச்சு. வாங்க வாங்க.” சமையலறைச் சுவரில் வண்ண அட்டை ஒட்டியிருந்தது. அதன்கீழே ‘வெளிர்நீலம் வரை ஏற்கத்தக்கது’ என்ற வாசகமும் பூங்கோதையின் கையெழுத்தும் அச்சாகியிருந்தன.

கூடத்தில் பிள்ளைகள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் தட்டிலும் இளநீலத்தில் தயிர்ச்சோறு. வரிசையின் ஓரத்தில் இருந்த சிறுமிக்கு இன்னும் பரிமாறவில்லை. வெறும் சோறுதான் தட்டில் இருந்தது. எட்டு ஒன்பது வயது இருக்கும் என்று நினைத்துப் பூங்கோதை பெயரும் வகுப்பும் கேட்டாள். கெம்பம்மா, ஏழாம் வகுப்பு என்றாள் அவள். ஏழாம் வகுப்புக்கு மிகவும் சிறுத்திருந்த அவள் கைகளைப் பூங்கோதை பார்த்தாள். பிறகு வரிசை முழுவதையும் ஒருமுறை பார்த்தாள். போசியைத் திறந்து, கெம்பம்மாவின் சோற்றில் ஒரு கரண்டி வெள்ளைத் தயிர் விட்டாள்.

சிறுமி தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “இது வேண்டாங்க டீச்சர்.”

“ஏன் கண்ணு?”

“கெட்டுப்போச்சு. வெள்ளையா இருக்குது.”

பக்கத்தில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். கெம்பம்மா பெரியவர்களுக்குப் பாடம் சொல்லும் தோரணையில் விளக்கினாள்: “தயிர்னா நீலமாத்தான் இருக்கணும். அப்பத்தான் செக் பண்ணினது. கேன்லயே எழுதியிருக்குமே, பரிசோதிக்கப்பட்டதுன்னு. இதை யாரும் பரிசோதிக்கலை.”

அந்தக் கூட்டத்தில், நீதிமன்றத்தில், அலுவலகங்களில் எத்தனையோ பேசியவளுக்கு இந்தப் பெண்ணிடம் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. சிறுமியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“நீலமா இருந்தா அதுல நஞ்சு இருக்குதுன்னு அர்த்தம், கெம்பம்மா. அதைக் காட்டறதுக்குத்தான் அந்த நீலம். நான்தான் அப்படிச் செஞ்சு வெச்சேன்.”

சிறுமி அவளைப் பார்த்தாள். மற்றவர்களின் தட்டுகளைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

“தெரிஞ்சேவா எங்களுக்குக் குடுக்கறாங்க?”

“மேடம், பிள்ளைங்களைப் பயமுறுத்தாதீங்க. கலெக்டர் ஆபீஸ்ல இருந்தே உத்தரவு இருக்குது” என்று கற்பகவல்லி ஓடிவந்தாள். பூங்கோதை அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. சிறுமியிடம், “ஆமா. தெரிஞ்சேதான்” என்றாள்.

பிறகு ஒரு தட்டை எடுத்து, வரிசையில் கெம்பம்மாவின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சோற்றில் வெள்ளைத் தயிரை விட்டுப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள். பிள்ளைகள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். கடைசிக் கவளம்வரை கெம்பம்மா கண்ணை எடுக்கவில்லை. வாந்தி எடுக்கிறாளா, வயிற்றைப் பிடிக்கிறாளா என்று கவனிப்பதுபோல் இருந்தது.

“நாளைக்கு வருவீங்களா?” என்று கேட்டாள்.

“எதுக்கு கண்ணு?”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா, நாளைக்கு நாங்களும் இதையே சாப்பிடறோம்.”

“வர்றேன்” என்றாள் பூங்கோதை.

கெம்பம்மா தலையை ஆட்டினாள். பிறகு சோற்றைத் தொடாமலே தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டி, கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போனாள்.